அமெரிக்க நகரங்களில் வாழும் கறுப்பின மக்கள் எல்லோரும் ஒரே சமூகம்தானா? அவர்களுக்குள் மொழி, மதம், பண்பாட்டு வேறுபாடுகள் உண்டா?

உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதைவிட நிறையவே உண்டு.

நான் இருப்பது நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், ஃப்ளாட்புஷ் அவென்யூவுக்குப் பக்கத்தில். எங்கள் கட்டடத்தில் பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்கள். மேல் வீட்டுக்காரர்கள் ஹைட்டியிலிருந்து வந்தவர்கள், வீட்டில் பிரெஞ்சிலிருந்து உருவான கிரியோல் மொழி பேசுகிறார்கள். கீழ் வீட்டு அம்மாவுக்குப் பூர்வீகம் பார்படோஸ். எதிர் வீட்டுப் பெரியவர் தென் கரோலினாக்காரர். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் குடும்பம் கிரியோல் மொழியில் பூசை நடக்கும் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போகும், அந்த அம்மா ஆங்கிலிக்கன் வழிவந்த எபிஸ்கோபல் தேவாலயத்துக்குப் போவார், பெரியவர் பாப்டிஸ்ட். சமையல் வாசனை மூன்று வீட்டிலும் வேறு வேறு. அரசாங்கப் படிவத்தில் மூவரும் டிக் செய்வது ஒரே கட்டத்தை.

முதலில் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன். பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, 2019-இல் அமெரிக்கக் கறுப்பின மக்களில் சுமார் 46 லட்சம் பேர், அதாவது பத்தில் ஒருவர், வெளிநாட்டில் பிறந்தவர்கள். 1980-இல் இது நூற்றுக்கு மூன்று பேர்தான். குடியேறியவர்களின் பிள்ளைகளையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவர் ஆகிறது. ஜமைக்காவும் ஹைட்டியும் முதலிடங்களில் இருக்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களில் நைஜீரியர்களும் எத்தியோப்பியர்களும் அதிகம்.

ஆனால் வேறுபாடு என்றதுமே குடியேறிகளை மட்டும் காட்டினால் பாதிக் கதைதான் ஆகும். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த ஆப்பிரிக்க அமெரிக்கர்களே ஒரே அச்சில் வார்த்தவர்கள் இல்லை. 1910-களில் தொடங்கி 1970 வரை ஏறத்தாழ 60 லட்சம் பேர் தென் மாநிலங்களை விட்டு வடக்கேயும் மேற்கேயும் போனார்கள். யார் எந்த ஊருக்குப் போனார்கள் என்பதைப் பெரும்பாலும் ரயில் பாதைதான் முடிவு செய்தது. மிசிசிப்பிக்காரர்கள் இல்லினாய் சென்ட்ரல் ரயில் ஏறி சிகாகோவில் இறங்கினார்கள். கரோலினா, வர்ஜீனியா, ஜார்ஜியா மக்கள் கடலோரப் பாதையில் பிலடெல்பியாவுக்கும் நியூயார்க்குக்கும் வந்தார்கள். லூசியானா, டெக்சாஸ் பக்கத்திலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் ஓக்லண்டுக்கும் போனார்கள். 1943-இல் மிசிசிப்பியிலிருந்து சிகாகோவுக்கு வந்த மடி வாட்டர்ஸ் கையில் எலெக்ட்ரிக் கிட்டார் ஏறிய பிறகுதான் 'சிகாகோ ப்ளூஸ்' என்று உலகம் கேட்கும் அந்த ஓசை உருவானது. எங்கள் எதிர் வீட்டுப் பெரியவருக்கு அந்த இசையில் ஒட்டுதல் கிடையாது. "அது மிசிசிப்பி ஆட்கள் பாட்டு" என்பார்.

நியூ ஆர்லியன்ஸ் இன்னும் தனி. அங்கே அடிமை முறை இருந்த காலத்திலேயே பிரெஞ்சு பேசிய, கத்தோலிக்கரான, சுதந்திரமான கலப்பினக் குடும்பங்கள் இருந்தன. இவர்களையும் கிரியோல் என்பார்கள். ஹைட்டிப் புரட்சியில் வெளியேறி கியூபாவில் தங்கியிருந்தவர்களில் சுமார் 9,000 பேர் 1809, 1810 வாக்கில் வந்திறங்கியதில் அந்த ஊரின் மக்கள்தொகை கிட்டத்தட்ட இரட்டிப்பானது. வெள்ளையர், சுதந்திரக் கறுப்பர், அடிமைகள் ஆகிய மூன்று தரப்பும் அதில் ஏறக்குறைய சம அளவில் இருந்தார்கள். 1892-இல் ரயிலில் வெள்ளையர் பெட்டியில் ஏறி உட்கார்ந்து கைதான ஹோமர் பிளெஸ்ஸி இந்தக் கிரியோல் சமூகத்தைச் சேர்ந்தவர். பார்த்தால் வெள்ளையர் என்றே சொல்லலாமாம். இன ஒதுக்கலைச் சட்டப்படி சரி என்று உச்ச நீதிமன்றம் 1896-இல் தீர்ப்புச் சொன்னது அவருடைய வழக்கில்தான்.

சரி, எங்கள் ஏரியாவுக்கு வருகிறேன்.

கரீபியன் மக்கள் நியூயார்க்குக்கு வந்தது நேற்று இன்று இல்லை. பனாமா கால்வாய் வெட்டப் போன பார்படோஸ்காரர்களின் கூலிப் பணம் பலருக்குக் கப்பல் டிக்கெட் ஆனது. கறுப்பினத் தேசியவாதத் தலைவர் மார்கஸ் கார்வி 1916-இல் ஜமைக்காவிலிருந்து ஹார்லெமுக்கு வந்தார். 1930-இல் ஹார்லெம் மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கரீபியன் வழியினர். உள்ளூர் ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கும் இவர்களுக்கும் உரசல் நிறைய இருந்தது. 'குரங்கைத் துரத்துபவர்கள்' என்று இவர்களைக் கேலி செய்தார்கள். இவர்கள் பங்குக்கு, நாங்கள் பிரிட்டிஷ் குடிமக்கள், உங்களைப் போல இல்லை என்று மூக்கை உயர்த்திக்கொண்டார்கள். 1924 சட்டம் குடியேற்றத்தை நெருக்கியது, 1952 சட்டம் பிரிட்டிஷ் காலனி ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு நூறு பேர் என்று கதவை இன்னும் இறுக்கியது. 1965 சட்டம் கதவைத் திறந்து, தீவுகளும் ஒவ்வொன்றாகச் சுதந்திரம் பெற்ற பிறகுதான் இன்றைய ஃப்ளாட்புஷ் உருவானது.

வந்தவர்கள் வீடு வாங்கியது எப்படி? கறுப்பினத்தவர் வாழும் தெருக்களை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்து வைத்திருந்த காலம் அது, வங்கியில் கடன் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதனால் 'சூசூ' கட்டினார்கள். நம்மூர் குலுக்கல் சீட்டேதான்: வாரா வாரம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறை வைத்து ஒருவர் மொத்தத்தையும் எடுப்பது. டிரினிடாட்காரர்கள் சூசூ என்கிறார்கள், ஜமைக்காக்காரர்களுக்கு 'பார்ட்னர்', ஹைட்டியர்களுக்கு 'சோல்'. பெட்ஃபர்ட்-ஸ்டைவசன்டிலும் கிரவுன் ஹைட்ஸிலும் இன்று பல மில்லியன் டாலருக்கு விலை போகும் பழுப்புக்கல் வீடுகளில் சில இப்படிச் சேர்த்த பணத்தில் வாங்கியவை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் ஷெர்லி சிஷோம் இந்தச் சூழலிலிருந்து வந்தவர். அப்பா கயானா, அம்மா பார்படோஸ். சிறு வயதில் சில ஆண்டுகள் பார்படோசில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். 1968-இல் இந்த புரூக்ளின்தான் அவரை அனுப்பியது.

கயானா என்றதும் ஒரு கிளைக் கதை. கயானாவிலிருந்து வந்த ஆப்பிரிக்க வழியினர் பெரும்பாலும் எங்கள் பக்கம், ஃப்ளாட்புஷிலும் கனார்சியிலும். இந்திய வழியினர் குயின்ஸில், ரிச்மண்ட் ஹில்லில். அந்த இந்திய வழியினரில் ஒரு பகுதியினர் மதராஸ் துறைமுகத்திலிருந்து கூலிக்குக் கப்பலேறியவர்களின் சந்ததி. தமிழ் மறந்துவிட்டது, மாரியம்மன் வழிபாடு மறக்கவில்லை. அங்கே மேளம் அடித்து சாமியாடுவதை நம் ஆட்களே அதிகம் போய்ப் பார்த்ததில்லை.

செப்டம்பர் முதல் திங்கட்கிழமை ஈஸ்டர்ன் பார்க்வேயில் கரீபியன் ஊர்வலம். 1940-களில் ஹார்லெமில் தெருவுக்கு வந்த வழக்கம், 1969-இல் இங்கே இடம் மாறியது. ஒவ்வொரு தீவுக்கும் ஒரு கொடி, ஒவ்வொரு கொடிக்குப் பின்னும் ஒரு கூட்டம். அன்று மட்டும் தூக்கத்தை எதிர்பார்க்காதீர்கள்.

ஹார்லெமில் மேற்கு 116-ஆம் தெரு செனகல்காரர்களின் இடம். வோலோஃப் மொழி, மீனும் சோறும், ஜூலையில் சூஃபி ஞானி அமது பம்பா நினைவாக வெள்ளை உடையில் ஊர்வலம். அங்கே உள்ள சந்தை எனக்குப் பிடித்த உதாரணம். 125-ஆம் தெருவில் நடைபாதைக் கடை போட்டிருந்த மேற்கு ஆப்பிரிக்க வியாபாரிகளை 1994-இல் மேயர் ஜூலியானி நிர்வாகம் அகற்றியது. கடைக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் ஏற்கெனவே அவர்கள் மேல் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதில் கறுப்பினத்தவரும் உண்டு. அகற்றப்பட்டவர்கள் 116-ஆம் தெருச் சந்தைக்குப் போனார்கள். அந்தச் சந்தையை நடத்தியது கறுப்பின முஸ்லிம் தலைவர் மால்கம் எக்ஸ் பெயரில் உள்ள, ஆப்பிரிக்க அமெரிக்க முஸ்லிம்களின் பள்ளிவாசல். உரசலும் ஆதரவும் ஒரே சம்பவத்தில் இருக்கின்றன. இங்கே பெரும்பாலும் அப்படித்தான்.

வாஷிங்டனில் இதைவிடக் கூர்மையான ஒரு தகராறு. யு தெரு ஒரு காலத்தில் 'கறுப்பர்களின் பிராட்வே', ஜாஸ் இசைக் கலைஞர் டியூக் எலிங்டன் வளர்ந்த பேட்டை. 1968-இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது எரிந்தது, பிறகு பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. வாடகை மலிவாக இருந்த காலத்தில் எத்தியோப்பியர்கள் வந்து உணவகங்கள் திறந்தார்கள். 2005 வாக்கில் அவர்களில் சிலர் பக்கத்து ஒன்பதாம் தெருவை அதிகாரபூர்வமாக 'லிட்டில் எத்தியோப்பியா' ஆக்கக் கேட்டார்கள். பழைய குடிகளுக்குக் கோபம் வந்தது: தெரு செத்துக் கிடந்தபோது உயிர் கொடுத்தீர்கள், சரி, அதற்காக எங்கள் வரலாற்றின் மேல் உங்கள் பெயர்ப்பலகையா? இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. அப்புறம் வசதியான இளைஞர்கள் குடிவந்து வாடகை ஏறியதும், எத்தியோப்பியர் பலர் பக்கத்து மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங் பக்கமும் ஆப்பிரிக்க அமெரிக்கர் பலர் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டி பக்கமும் நகர்ந்துவிட்டார்கள்.

நம் ஆட்கள் கூடும் விருந்துகளில் அடிக்கடி ஒன்று காதில் விழும். "நைஜீரியாக்காரங்க எப்படிப் படிச்சு முன்னேறுறாங்க, இங்கேயே பிறந்தவங்களுக்கு என்ன?" கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. இங்கே வந்த நைஜீரியர்களில் வயதுவந்தோரில் பாதிக்கும் மேல் பட்டதாரிகள். லாகோஸ் தெருவில் கண்ணை மூடிக்கொண்டு பிடித்து வந்தவர்கள் இல்லை, விசா முறை சலித்து எடுத்தவர்கள். நம்மையும் அதே சல்லடைதான் எடுத்தது. அவர்களையும், முந்நூறு ஆண்டுச் சுமையோடு ஓட்டத்தைத் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டு 'பண்பாடு' என்று காரணம் சொல்வது சோம்பேறித்தனம்.

அதோடு, தோல் நிறத்தை மட்டும் பார்க்கும் போலீஸ்காரருக்கு இந்த வேறுபாடு எதுவும் தெரியாது. 1997-இல் புரூக்ளின் காவல் நிலையத்தில் சித்திரவதை செய்யப்பட்ட அப்னர் லூயிமா ஹைட்டியர். 1999 பிப்ரவரியில் பிராங்க்ஸில் தன் வீட்டு வாசலில் 41 தோட்டாக்கள் சுடப்பட்டுச் செத்த அமது டியாலோ கினி நாட்டவர், கையில் ஆயுதம் ஏதும் இல்லை. இரண்டு முறையும் தெருவில் இறங்கியவர்களில் எல்லா வகைக் கறுப்பினத்தவரும் இருந்தார்கள். நீங்கள் யார் என்பதை வீட்டுக்குள் நீங்கள் முடிவு செய்கிறீர்கள், வாசலுக்கு வெளியே இன்னொருவர் முடிவு செய்கிறார். இளைய தலைமுறை இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறது. மேல் வீட்டுப் பையன் அம்மாவிடம் கிரியோல், நண்பர்களிடம் புரூக்ளின் ஆங்கிலம், இரண்டிலும் அவன்தான்.

நிறத்தை வைத்து ஒன்றாக நிற்பவர்கள் பணம், கல்லூரி இடம் என்று வரும்போது பிரிந்து பார்ப்பதும் உண்டு. 2004-இல் ஹார்வர்டில் படித்த கறுப்பின மாணவர்களில் பெரும்பான்மையினர் குடியேறிகளோ அவர்களின் பிள்ளைகளோ கலப்பினப் பிள்ளைகளோ என்று அங்கேயே இருந்த கறுப்பினப் பேராசிரியர்கள் சுட்டிக்காட்டினார்கள். கலிபோர்னியாவில் அடிமை முறைக்கான இழப்பீட்டைப் பரிசீலித்த குழு 2022 மார்ச்சில், தகுதி வம்சாவளியைப் பொறுத்ததா, நிறத்தைப் பொறுத்ததா என்று வாக்கெடுத்தது. 5-க்கு 4 என்ற கணக்கில் வம்சாவளி வென்றது. 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இந்த நாட்டில் வாழ்ந்த கறுப்பினத்தவரின் வழிவந்தவர்களுக்கு மட்டுமே என்று முடிவானது. எனக்கு அந்த முடிவு சரியாகவே படுகிறது. எங்கள் கீழ் வீட்டு அம்மாவிடம் சொன்னபோது, தன் முன்னோர்களும் கரும்புத் தோட்டத்து அடிமைகள்தான், ஆனால் தன்னுடைய கணக்கு லண்டனோடு என்றார்.