பிராசஸர் வாங்கியாச்சு; ஆம்பும் ஸ்பீக்கரும் எதை வாங்க?

கேள்வி: "அண்ணாச்சி, வள்ளியூர் பக்கம் எங்க சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். போன மாசம் டிஜிட்டல் கிட்டார் பிராசஸர் (கிட்டார் ஒலியை விதவிதமா மாற்றித் தர்ற பெட்டி) ஒன்று வாங்கினேன். ஹெட்போனில் கேட்டால் அவ்வளவு அழகா இருக்கு. சர்ச் அசன விருந்தன்னைக்கு மைக் செட்டில் மாட்டினால், கரகரப்பு எஃபெக்டான டிஸ்டார்ஷன் எல்லாம் வண்டு குடையிற மாதிரி கேட்குது. மைக் செட்டுக்காரர், 'இதுக்குத் தனியா 1000 வாட் ஆம்பிளிஃபயரும் 12 இஞ்ச் ஸ்பீக்கரும் வேணும், முப்பதாயிரம் கொடுங்க, நானே வாங்கித் தாரேன்' என்கிறார். எத்தனை வாட், எத்தனை ஓம் வாங்கணும்?"

பதில்: முப்பதாயிரத்தை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கையிலேயே வைத்திருங்கள். வண்டுச் சத்தத்துக்கும் வாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. 1000 வாட் ஆம்பை மாட்டினால் வண்டு இன்னும் சத்தமாகக் குடையும், அவ்வளவுதான்.

கிட்டார் ஸ்பீக்கரை ஒரு சல்லடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 இஞ்ச் கிட்டார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 70, 75 ஹெர்ட்ஸில் தொடங்கி 5000 ஹெர்ட்ஸோடு ஓய்ந்துவிடும். டிஸ்டார்ஷன் போட்டதும் அதற்கு மேலே கரகரப்பு ஏகமாகக் கிளம்பும். சல்லடை அதைப் பிடித்து நிறுத்திவிடுவதால் நம் காதுக்குக் 'கிட்டார்' வந்து சேர்கிறது. மைக் செட்டின் ட்வீட்டரோ (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) 15,000 ஹெர்ட்ஸ் வரை எது கொடுத்தாலும் துப்பும். அதனால்தான் பிராசஸருக்குள்ளேயே ஒரு போலிச் சல்லடை வைத்திருக்கிறார்கள். மெனுவில் 'கேப்' என்றோ 'ஐஆர்' என்றோ இருக்கும்.

சில கருவிகளில் ஹெட்போனுக்கு மட்டும் அந்தச் சல்லடை தானாக விழும். பின்னால் உள்ள அவுட்புட்டுக்கு நாம்தான் போட வேண்டும். பாஸ் (Boss) கம்பெனியின் ஜிடி வரிசையில் 'அவுட்புட் செலக்ட்' என்று ஓர் அமைப்பு உண்டு. அது ஏதாவது ஆம்ப் பெயரில் நின்றால், எதிரே கிட்டார் ஆம்ப் இருப்பதாகக் கருவி நம்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மிக்ஸருக்குப் போகும்போது 'லைன்/போன்ஸ்' என்று மாற்றுங்கள். உங்களுடையது வேறு கம்பெனி என்றால் இதே பொருளில் வேறு பெயர் இருக்கும், தேடுங்கள். ஹெட்போனில் சரியாகக் கேட்டு வெளியே வண்டு குடைந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். செலவு ஒரு பைசா இல்லை.

இன்னொரு காரணமும் கூடவே இருக்கலாம். மைக் செட்டுக்காரர் உங்கள் வயரை மைக் குத்தும் இடத்திலேயே குத்தியிருப்பார். மைக் இன்புட் எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். பிராசஸர் தள்ளுவது ஒரு வோல்ட் அளவில். உள்ளே நுழையும்போதே நசுங்கிவிடும். 'லைன்' அல்லது 'ஆக்ஸ்' என்று எழுதிய துளையில் மாட்டச் சொல்லுங்கள். மைக் துளை மட்டும்தான் காலி என்றால் நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் (சிக்னலை மைக் அளவுக்குக் குறைத்துத் தரும் சின்னப் பெட்டி) வேண்டும்.

இதையெல்லாம் செய்து பாருங்கள். ஆராதனைக்கு மட்டும் வாசிப்பவர் என்றால், ஆம்பே வாங்காமல் கேப்பைப் போட்டு மிக்ஸருக்கு நேராகக் கொடுத்துவிட்டு, கால்மாட்டில் உங்களுக்கென்று ஒரு 10 இஞ்ச் ஆக்டிவ் ஸ்பீக்கர் வைத்துக்கொள்வதே என் யோசனை. ஆம்ப் உள்ளேயே இருக்கும், ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை) கணக்கு கிடையாது, எரிய வாய்ப்பும் குறைவு. இதை யாரும் உங்களிடம் சொல்லமாட்டார்கள். ஒரே பெட்டியில் கமிஷன் ஒரு தடவைதான் கிடைக்கும்; ஆம்ப் தனி, ஸ்பீக்கர் தனி, பெட்டி தனி, வயர் தனி என்றால் நாலு தடவை.

'இல்லை, முதுகுக்குப் பின்னால் நிஜ ஆம்ப் நிற்கிற மாதிரி நெஞ்சில் மோத வேண்டும்' என்றால் பவர் ஆம்ப் ஒன்றும் கிட்டார் ஸ்பீக்கர் ஒன்றும் வாங்குங்கள். அப்போது நிஜச் சல்லடை வந்துவிட்டது. உள்ளே இருக்கும் போலிச் சல்லடையை அணைத்துவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் போர்வைக்குள் இருந்து வாசிக்கிற மாதிரிக் கேட்கும். அந்தக் கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியில் கீபோர்டு, கரோக்கி டிராக் எதையும் போடக்கூடாது. சல்லடை எல்லாவற்றையும் சலித்துவிடும்.

சரி, வாட். வாட்டைப் பார்க்கும் முன் ஸ்பீக்கரின் தாளில் 'சென்சிடிவிட்டி' என்று இருக்கும் டெசிபல் எண்ணைப் பாருங்கள். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டரில் எவ்வளவு சத்தம் என்பதே அது. நல்ல கிட்டார் ஸ்பீக்கர் 97 முதல் 100 வரை இருக்கும்; செலெஸ்டியனின் விண்டேஜ் 30 ஸ்பீக்கருக்கு 100 டெசிபல், தாங்கும் அளவு 60 வாட். கார், வீட்டு ஸ்பீக்கர்கள் 88 அளவில் நிற்கும். 10 டெசிபல் வித்தியாசம் என்றால் பத்து மடங்கு வாட். அதாவது 98 டெசிபல் ஸ்பீக்கரில் 30 வாட் செய்வதை 88 டெசிபல் ஸ்பீக்கரில் செய்ய 300 வாட் வேண்டும். அந்த 30 வாட்டில் ஒரு மீட்டரில் ஏறக்குறைய 113 டெசிபல் வரும். டிரம்ஸ் அடிக்கிறவர் பக்கத்தில் இருந்தாலும் உங்கள் கிட்டார் கேட்கும். ஆம்பை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல்.

ஆகவே 8 ஓம், 60 வாட் தாங்கும் ஒரு 12 இஞ்ச் கிட்டார் ஸ்பீக்கர். அதே 8 ஓமில் நிஜமாக 35 முதல் 60 வாட் தரும் ஆம்ப். டிஸ்டார்ஷன் விடாமல் முழுக்க ஓடும் சத்தம்; பாட்டு மாதிரி ஏறி இறங்காது. அதனால் ஆம்பின் வாட் ஸ்பீக்கர் தாங்குவதைத் தாண்டக்கூடாது.

'நிஜமாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்த ஊரில் ஆம்ப் விற்கிறவர்கள் வாட்டைப் பற்றிச் சொல்வது பெண் பார்க்க வந்த இடத்தில் சம்பளம் சொல்கிற மாதிரி. பிஎம்பிஓ (ஒரு கண உச்சத்தைச் சொல்லும் விளம்பர வாட்) என்று போட்டிருந்தால் அந்த எண்ணைப் படிக்கவே வேண்டாம். ஆர்எம்எஸ் (விடாமல் தரும் வாட்) என்று போட்டிருந்தாலும் நம்பாமல் பின்பக்கம் ஃபியூஸைப் பாருங்கள். 2 ஆம்பியர் ஃபியூஸ், 230 வோல்ட். பெருக்கினால் 460 வாட். உள்ளே இழுப்பதே 460 என்றால் வெளியே 1000 எங்கிருந்து வரும்? கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் டீ சொல்லப் போய்விடுவார்.

ஆன்லைனில் வரும் சின்ன கிளாஸ் டி போர்டுகளுக்கு (சுவிட்ச் மாதிரி வேகமாக ஆன்-ஆஃப் ஆகி ஓடும் ஆம்ப் வகை) இன்னும் எளிய கணக்கு உண்டு. சப்ளை வோல்ட்டை அதனாலேயே பெருக்கி, ஓமின் இரட்டிப்பால் வகுங்கள். 12 வோல்ட், 8 ஓம்: 144 வகுத்தல் 16, ஒன்பதே வாட். 19 வோல்ட் லேப்டாப் சார்ஜர்: சுமார் 22. 24 வோல்ட்: 36. போர்டின் மேல் '100 வாட்' என்று அச்சடித்திருந்தால் அது 2 ஓம், 4 ஓம் கணக்கு. உங்கள் 8 ஓமுக்கு அல்ல. டிபிஏ3116 சிப் போட்ட போர்டும் 24 வோல்ட், 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ்ஸும் (அடாப்டர் மாதிரி டிசி தரும் சப்ளை) சேர்ந்தால் உங்கள் சர்ச் அளவுக்குப் போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் 48 வோல்ட்டில் ஓடும் டிபிஏ3255. ஆனால் அது கக்கும் வாட்டுக்கு 60 வாட் ஸ்பீக்கர் தாங்காது, வால்யூமில் கை நிதானம் வேண்டும்.

இந்த எண்களை யாராவது சோதித்துத்தான் விற்கிறார்களா என்று கேட்பீர்கள். மின்னணுப் பொருள்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை 2012-இல் வந்தது. அதன் பட்டியலில் ஆம்பிளிஃபயருக்கு எழுதியது '2000 வாட் உள்ளீடும் அதற்கு மேலும்' என்று. ஊரில் சர்ச்சுக்கும் கோவில் கொடைக்கும் பள்ளி ஆண்டு விழாவுக்கும் வாங்குகிற பெட்டியில் எத்தனை 2000 வாட் இழுக்கும்? அந்தப் பதிவும் ஷாக் அடிக்காமல், தீப்பிடிக்காமல் பார்ப்பதற்குத்தான். வாட் உண்மையா பொய்யா என்பது அதன் கவலை இல்லை. ஸ்டிக்கர் அடிக்கிறவனுக்கு ஒரு சைபர் கூடுதலாக அடிக்க மையைத் தவிர வேறு செலவில்லை. பில் இல்லாமல் வாங்கினால் கேட்கவும் நாதி இல்லை. பில்லில் மாடல் எண், ஆர்எம்எஸ் வாட், ஓம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். ஏமாற்றினால் 1915-க்குப் புகார் சொல்ல அந்தக் காகிதம் வேண்டும்.

அடுத்து ஓம். டிரான்சிஸ்டர், கிளாஸ் டி ஆம்பில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போகாதீர்கள். மேலே போனால் வாட் குறையும், கெடுதல் இல்லை. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரைப் பக்கவாட்டில் (பேரலலாக) இணைத்தால் 4, வரிசையாக (சீரீஸில்) இணைத்தால் 16. மைக் செட் ஆம்பின் பின்னால் 70 வோல்ட், 100 வோல்ட் என்று இரண்டு முனை இருக்கும். தெருவெல்லாம் கூம்பு ஸ்பீக்கர் கட்டுவதற்கான முனை அது. அதில் கிட்டார் ஸ்பீக்கரை மாட்டினால் முதல் பாட்டு முடியும் முன் ஸ்பீக்கரின் காயிலோ (உள்ளே உள்ள கம்பிச் சுருள்) ஆம்போ கருகலாம்.

இப்போது சொல்வதை மெதுவாகப் படியுங்கள். போர்டு எரிவது பெரும்பாலும் இங்கேதான். பழைய ஆம்பில் ஸ்பீக்கரின் மைனஸ் என்பது வெறும் கிரவுண்ட், பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மேலே சொன்ன கிளாஸ் டி போர்டுகளில் மைனஸ் முனையிலும் கரண்ட் ஆடும். ப்ளஸ் ஏறும்போது மைனஸ் இறங்கும். சந்தேகம் என்றால் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, பாட்டு இல்லாமல் ஆம்பை ஓடவிட்டு, ஸ்பீக்கர் மைனஸுக்கும் சப்ளை மைனஸுக்கும் நடுவே அளந்து பாருங்கள். பழைய ரகம் பூஜ்யத்தில் நிற்கும். இது 24 வோல்ட் சப்ளையில் 12 அளவு காட்டும். அப்படிக் காட்டினால் அந்த மைனஸ் எர்த்திலும் படக்கூடாது, தகரப் பெட்டியிலும் படக்கூடாது, பக்கத்துச் சேனலின் மைனஸிலும் படக்கூடாது. நம்மவர்கள் தகரத்தில் இரண்டு ஓட்டை போட்டு இரண்டு இரும்பு ஜாக்கை முறுக்கிவிடுவார்கள். இரண்டு சேனலின் மைனஸும் தகரம் வழியாக ஒன்றாகிவிடும்; ஆன் செய்ததும் புகை. பிளாஸ்டிக் உடம்புள்ள ஜாக் போடுங்கள், இல்லை ஸ்பீக்கான் (திருகிப் பூட்டும் ஸ்பீக்கர் இணைப்பான்) போடுங்கள். ஜாக் என்றால் ஆம்ப் ஓடும்போது உருவவும் செருகவும் கூடாது, நுனி உரசும்போதே ஷார்ட். ஸ்பீக்கர் லைனில் இருந்து ரெக்கார்டிங்குக்கு வயர் எடுக்கும் பழக்கமும் இங்கே செல்லாது. பிராசஸருக்கும் போர்டுக்கும் ஒரே சப்ளையைப் பங்கு போடாதீர்கள். எரியாது, ஆனால் 'கீ' என்ற இரைச்சல் போகவே போகாது.

ஸ்பீக்கர் வயர் என்று கிட்டார் வயரையே மாட்டுவதும் வழக்கம், இரண்டுக்கும் ஒரே ஜாக் என்பதால். கிட்டார் வயரின் உள்ளே இருப்பது முடி மாதிரி ஒரு கம்பி. எலக்ட்ரிக்கல் கடையில் 1.5 சதுர மில்லிமீட்டர் இரட்டை வயர் ஐந்து மீட்டர் வாங்கினால் முடிந்தது.

ஸ்பீக்கரைக் கடையில் வாங்கினாலும் ஆள் மூலம் வாங்கினாலும் மல்டிமீட்டர் கொண்டு போங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6 முதல் 7 வரை காட்டும். 3.2 அளவில் காட்டினால் 4 ஓம் காயில் மாற்றிய ரீகோன் (பழைய சட்டத்தில் புதுக் காயிலும் பேப்பரும் ஒட்டிய) சரக்கு. கம்பெனி ஸ்டிக்கர் பளபளவென்று இருக்கும், உள்ளே காயிலும் பேப்பரும் ஊர்ச் சரக்கு. ரீகோன் தப்பில்லை, அதைப் புதுசு என்று விற்பதுதான் தப்பு. கோனை (முன்னால் தெரியும் பேப்பர் கூம்பை) இரண்டு பக்கமும் விரலால் சமமாக அழுத்திவிடுங்கள். உரசல் கேட்டால் வாங்காதீர்கள். 'டிஜே பாஸ்' என்று 12 இஞ்ச், 500 வாட் எழுதியதைக் காட்டுவார்கள். தடித்த கோன், கனத்த காயில். கிட்டாருக்கு உயிரான 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் அதில் மந்தமாக வரும். பார்ட்டிகிள் போர்டு பெட்டியும் வேண்டாம், ஒரு மழைக்கு ஊதிவிடும். 18 மி.மீ. பிளைவுட்டில் ஆசாரியிடம் சொல்லிச் செய்யுங்கள். ஸ்பீக்கர் கைக்கு வந்து அளந்த பிறகே வட்டம் வெட்டச் சொல்லுங்கள். செலெஸ்டியன் 12 இஞ்சுக்கு வெட்டு 283 மி.மீ., 12 இஞ்சை அப்படியே வெட்டினால் திருகு பிடிக்க மரம் இருக்காது.

கொடைக் கச்சேரிக்கு ஜெனரேட்டரில் ஓடும்போது 'ம்ம்' என்று இரைந்தால் மூன்று பின்னில் எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்வார்கள். உடைக்காதீர்கள். ஈர மண்ணில் செருப்பில்லாமல் நின்று கம்பி பிடிப்பவர் நீங்கள்தான், அவர் இல்லை. டிஐ பாக்ஸில் 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்சைத் தட்டினால் பெரும்பாலும் அடங்கும்.

எல்லாம் மாட்டிய பிறகு ஹெட்போனில் அமைத்த டோன் மேடையில் அடிவயிறு கனத்தும் மேலே குத்தியும் கேட்கும். சத்தம் கூடினால் காது அப்படித்தான் கேட்கும், கருவியில் பழுது இல்லை. மேடைச் சத்தத்திலேயே 'லோ கட்' அமைப்பை (அடிச்சத்தத்தை வெட்டுவது) 80 முதல் 100 ஹெர்ட்ஸில் வையுங்கள். மிக்ஸருக்கு நேராகப் போகும் நாளில் 'ஹை கட்' அமைப்பை (மேல்கரகரப்பை வெட்டுவது) 5000 முதல் 6000 ஹெர்ட்ஸுக்குள் வைத்து இன்னொரு பேட்சாகத் தனியே சேமியுங்கள். பெட்டிக்கு ஒரு பேட்ச், மைக் செட்டுக்கு ஒரு பேட்ச். பெயரையும் அப்படியே எழுதிவிட்டால் ஜெபம் முடிந்து பாட்டு எடுக்கும் அவசரத்தில் மாறிப்போகாது.