பேட்டரி வாங்குங்கள் டீச்சர், மூன்றாவது கிலோவாட்டை விடுங்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. சிவகங்கை மாவட்டத்தில் சொந்த வீடு. இரண்டு மாதத்துக்குச் சுமார் 700 யூனிட் ஓடுகிறது, பில் 3,900 ரூபாய் அளவில் வருகிறது. கணவருக்கு நுரையீரல் பாதிப்பு. இரவு முழுவதும், பகலில் சில மணி நேரமும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் ஓட வேண்டும். சோலார் போட இரண்டு பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் 3 கிலோவாட் ஆன்-கிரிட், அதாவது மின்வாரிய லைனோடு மட்டும் இணைவது, பேட்டரி இல்லாமல் 1,90,000 ரூபாய் என்கிறார். இன்னொருவர் பேனல், பேட்டரி, மின்வாரிய லைன் மூன்றோடும் இணையும் 3 கிலோவாட் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் 5 யூனிட் லித்தியம் பேட்டரியும் சேர்த்து 3,40,000 கேட்கிறார். அதில் பேட்டரி மட்டும் 1,20,000. பேட்டரி போட்ட பணம் மின் கட்டணத்திலேயே ஐந்து வருடத்தில் திரும்பிவிடும் என்கிறார். வீட்டில் 150 ஏஹெச் ட்யூபுலர் பேட்டரியோடு பழைய இன்வெர்ட்டர் இருக்கிறது. கையில் 6 லட்சம் எஃப்டி. எதை எடுக்கலாம்?

பதில்: வணக்கம் டீச்சர். இந்த விலைப் பட்டியலில் இரண்டு வெவ்வேறு செலவுகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. பேனல் மின் கட்டணத்தைக் குறைக்கும். பேட்டரி கரண்ட் போனால் காப்பாற்றும். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டு "ஐந்து வருடத்தில் திரும்பிவிடும்" என்று சொல்வதை ஏற்காதீர்கள்.

பேட்டரியைத் தனியாகக் கணக்குப் போடுவோம். 5 யூனிட் பேட்டரியில் முழுவதையும் எடுக்க முடியாது; இழப்பெல்லாம் போகத் தினமும் 4 யூனிட் கையில் கிடைக்கும். பத்து வருடம் ஒரு நாள் விடாமல் பயன்படுத்தினாலும் சுமார் 15,000 யூனிட். 1,20,000 ரூபாயை அதால் வகுத்தால், ஒரு யூனிட்டைச் சேமித்து வைக்கவே 8 ரூபாய் ஆகிறது. நெட் மீட்டர் இருக்கும் வீட்டில் பகலில் மிஞ்சுவது மின்வாரியத்தின் கம்பிக்குப் போய், இரவு நீங்கள் எடுப்பதில் கழிந்துவிடுகிறது. அந்த வேலைக்கு எதற்கு 8 ரூபாய்? கட்டணம் மிச்சமாகும் என்று நம்பி யாரும் பேட்டரி வாங்க வேண்டாம்.

ஆனாலும் உங்களுக்குப் பேட்டரி வேண்டும். காரணம் உங்கள் கணவர்.

ஆன்-கிரிட் போட்டால், வெயில் கொளுத்தினாலும் கரண்ட் போன நொடியில் சோலாரும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. இதைத் தெரியாமல் வாங்கிவிட்டு முதல் பவர் கட்டில் அதிர்ந்துபோகிறவர்கள் நிறைய. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் மதியம் 2 மணி, சில நாள் மாலை 5 மணி ஆகிவிடுகிறது. கான்சென்ட்ரேட்டருக்கு 350 வாட், ஒரு ஃபேன், ஒரு லைட் என்று 450 வாட் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ட்யூபுலர் பேட்டரியில் இருப்பது 1.8 யூனிட், பாதிக்கு மேல் வடியவிட்டால் அதன் ஆயுள் குறையும். ஆக, இரண்டு மணி நேரம்தான் தாங்கும். 5 யூனிட் லித்தியம் என்றால் இரவில்கூட ஒன்பது மணி நேரம் போல ஓடும். பகல் கட்டில் ஹைப்ரிட் பேனலிலிருந்தே எடுத்துக்கொள்வதால் பேட்டரியில் அவ்வளவாகக் கை வைக்காது. புயல் நேரத்தில் இதுவும் போதாது. மருத்துவரைக் கேட்டு ஒரு சிறிய ஆக்சிஜன் சிலிண்டரையும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எங்கே குறைப்பது? பேனலில். நம் பக்கம் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 2 கிலோவாட் போட்டாலே இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். உங்கள் 700-இல் அது கழிந்தால் மிச்சம் 220. நம் மின்வாரியத்தின் 2024 ஜூலை அட்டவணையில் முதல் 100 யூனிட் இலவசம், 500-க்கு மேல் போனால் விலை இன்னும் கூடும். 501 முதல் 600 வரை யூனிட் 8.55 ரூபாய், அதற்கு மேல் 9.65. அந்த விலை கூடிய யூனிட்களையெல்லாம் இரண்டு கிலோவாட்டே தின்றுவிடுகிறது. பில் சில நூறு ரூபாய்க்கு வந்துவிடும். மூன்றாவது கிலோவாட் அந்தச் சில நூறையும் துடைக்கும், அவ்வளவுதான். வருடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் மிச்சமாக்க அதற்குக் கூடுதலாக 45,000 ரூபாய் கொடுப்பீர்கள். வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு தரும் பிஎம் சூர்யா கர் மானியமும் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு வெறும் 18,000. இன்வெர்ட்டரை மட்டும் 3 கிலோவாட்டாகவே வாங்குங்கள். பிறகு ஏசி போட்டால் பேனல் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்படிப் பார்த்தால் பேனலும் இன்வெர்ட்டரும் 1,75,000, பேட்டரி 1,20,000. மானியம் 60,000 உங்கள் கணக்குக்கு வந்துவிடும். ஆனால் எல்லாம் பொருத்தி இயக்கிக் காட்டிய பிறகுதான் வரும், முதலில் முழுப் பணமும் நீங்கள்தான் கட்ட வேண்டும். பேனல் உள்நாட்டில் செய்த செல் கொண்டதாக இருந்தால்தான் மானியம் உண்டு, பில்லில் அது எழுதியிருக்கிறதா பாருங்கள். பேட்டரிக்கு மானியம் கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாதனங்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், லித்தியம் பேட்டரிக்கு 18. பழைய 12 சதவீதத்தில் போட்ட கொட்டேஷன் என்றால் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

எஃப்டியிலிருந்து பேட்டரிக்கான 1,20,000-ஐயும், பேனல் பகுதியில் கடன் போக மிஞ்சும் தொகையையும் மட்டும் எடுங்கள். வீட்டில் நோயாளி இருக்கும்போது மீதி ரொக்கமாக உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பேனல் பகுதிக்கு சூர்யா கர் திட்டத்தில் பொதுத்துறை வங்கிகள் 2 லட்சம் வரை பிணையில்லாமல் தருகின்றன. வட்டி தனிநபர் கடனில் ஏறத்தாழ பாதிதான். 1,60,000-க்குள் வாங்கி, மானியம் வந்ததும் 60,000-ஐ அப்படியே அதில் கட்டிவிடுங்கள். மீதி ஒரு லட்சத்துக்கு ஐந்து வருடத் தவணை மாதம் இரண்டாயிரத்தை ஒட்டி வரும். பில்லில் குறைவது மாதம் 1,750 ரூபாய் அளவில். நகையை அடகு வைக்க வேண்டாம்.

பேட்டரி எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகையா என்று கேளுங்கள். வெப்பத்தைத் தாங்குவதிலும் பாதுகாப்பிலும் அதுதான் நல்லது. இன்வெர்ட்டர் கம்பெனி ஏற்றுக்கொண்ட பட்டியலில் அந்த பேட்டரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாரண்டி கேட்கும் நாளில் இருவரும் ஒருவரையொருவர் கை காட்டுவார்கள். வாரண்டியில் வருடம் மட்டும் போதாது, அந்த வருட முடிவில் எத்தனை சதவீதக் கொள்ளளவு மிஞ்சும் என்பதையும் எழுதி வாங்குங்கள். மாடித் தகரக் கொட்டகையில் வைக்கவே கூடாது, நம் ஊர் வெயிலில் பாதி ஆயுள் போய்விடும். பழைய ட்யூபுலரை இதோடு சேர்த்து இணைக்கவும் கூடாது. விற்காமல் தனியாகவே வைத்திருங்கள். அந்தப் பழைய இன்வெர்ட்டர், மின்வாரிய கரண்ட் போலவே சீராகத் தரும் சைன் வேவ் வகையாக இருந்தால் கான்சென்ட்ரேட்டருக்கு இன்னொரு காவல்.

கான்சென்ட்ரேட்டர், ஃப்ரிட்ஜ், படுக்கையறை ஃபேன், லைட் இவற்றை மட்டும் பேக்கப் லைனுக்குத் தனியாக ஒயரிங் செய்யச் சொல்லுங்கள். போர் மோட்டார் அதில் வந்தால் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரண்டில் இன்வெர்ட்டர் ட்ரிப் ஆகி, கான்சென்ட்ரேட்டரும் நின்றுவிடும். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் இருட்டிய பிறகு ஒரு நாள் அவர்களை வரச் சொல்லி, மெயின் சுவிட்சை அணைத்து, கான்சென்ட்ரேட்டரை ஒரு மணி நேரம் பேட்டரியில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓடினால் பணத்தைக் கொடுங்கள்.