கிரிப்டோவைத் தவறான முகவரிக்கு அனுப்பிவிட்டால் திருப்பி எடுக்கவே முடியாதா?

முதலில் அந்த டெலிகிராம் ஆளை விடுங்கள் தம்பி. கட்டாரில் இருக்கும் அண்ணன் அனுப்பிய யூஎஸ்டிடி (டொலர் பெறுமதியோடு ஓடும் கிரிப்டோ) வேறு யாருடைய முகவரிக்கோ போய்விட்டது, கட்டணம் கட்டினால் மீட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார் என்று கல்முனையிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கட்டணமும் போகும், வேறொன்றும் நடக்காது. வாலட்டைத் (கிரிப்டோ வைத்திருக்கும் செயலி) திறக்கும் பன்னிரண்டு இரகசியச் சொற்களைக் கேட்டால் மிச்சம் இருப்பதையும் எடுக்கப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

மட்டக்களப்பில் என் கடையில் றீலோட் நம்பர் மாறிப் போவது அடிக்கடி நடக்கும். கம்பனிக்கு அழைத்தால் சில வேளை திருப்பிப் போடுவார்கள், கணக்கு அவர்கள் கையில் இருப்பதால். பிட்கொயினிலும், யூஎஸ்டிடி அனுப்பப் பலர் பயன்படுத்தும் ட்ரோன் (Tron) வலையமைப்பிலும் அப்படி அழைக்க ஆளில்லை. அண்ணனின் வாலட்டில் உள்ள தனிச்சாவி, அதாவது இரகசிய எண், அனுப்பும் கட்டளையில் கையொப்பமிடுகிறது. வலையமைப்பில் உள்ள கணினிகள் கையொப்பம் சரியா, அனுப்பப் போதுமான காசு இருக்கிறதா என்று பார்க்கின்றன. யாருக்கு அனுப்ப நினைத்தார் என்பது அவற்றுக்குத் தெரியாது. பிளாக்கில், அதாவது பொதுக் கணக்கேட்டின் ஒரு பக்கத்தில், ஏறியதும் அதன்மேல் அடுத்தடுத்த பிளாக்குகள் ஏறிவிடும். பிட்கொயினில் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒன்று, ட்ரோனில் 3 விநாடிக்கு ஒன்று. யோசிக்க எங்கே நேரம்?

விதிவிலக்கே இல்லையா என்றால், 2016இல் எத்தீரியம் என்ற வலையமைப்பில் இயங்கிய தி டாவோ என்ற முதலீட்டு நிதியிலிருந்து சுமார் 36 லட்சம் ஈதர் (எத்தீரியத்தின் நாணயம்) திருடப்பட்டபோது அங்கே கணக்கையே மாற்றி எழுதினார்கள். அதற்கே ஆட்கள் இரண்டாகப் பிரிந்து, பழைய கணக்கோடு எத்தீரியம் கிளாசிக் தனியே போனது. நம்முடைய நூறு டொலருக்கு யார் அதைச் செய்வார்கள்? யூஎஸ்டிடியை வெளியிடும் டெதர் ஒரு முகவரியை முடக்க முடியும். ஆனால் அதைப் பெரும்பாலும் குற்ற விசாரணைகளுக்காகத்தான் செய்கிறது, கைதவறியதற்காக அல்ல.

இனி அனுப்பும்போது பலர் பயப்படுவது ஓர் எழுத்து பிழைத்துவிடுமோ என்று. அது பெரும்பாலும் பிடிபட்டுவிடும். பிட்கொயின், ட்ரோன் முகவரிகளுக்குள்ளேயே சரிபார்ப்பு எழுத்துகள் உண்டு. பிடிபடாதது, எல்லா வகையிலும் ஒழுங்காக இருக்கும் இன்னொருவரின் முகவரி. உங்கள் அண்ணனுக்கு நடந்ததும் இதுவாக இருக்கலாம்: திருடர்கள் உங்கள் முகவரியோடு முதல் சில எழுத்தும் கடைசிச் சில எழுத்தும் ஒத்த முகவரி ஒன்றை உருவாக்கி, அதிலிருந்து ஒன்றுமில்லாத தொகையை அனுப்பி வைப்பார்கள். அது அண்ணனின் வாலட்டில் பழைய பரிமாற்றங்களின் பட்டியலில் வந்து உட்கார்ந்திருக்கும். அடுத்த முறை அங்கிருந்து கொப்பி பண்ணினால் சரி, கதை முடிந்தது. 2024 மே மாதம் ஒருவர் இப்படித்தான் ஏறத்தாழ 6.8 கோடி டொலர் பெறுமதியான காசை அனுப்பினார். பேச்சுவார்த்தைக்குப் பிறகு திருடன் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தான். அந்த அதிர்ஷ்டத்தை நம்பி நாம் இருக்க முடியாது. ஆகவே பழைய பட்டியலைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு முறையும் நீங்கள் புதிதாக முகவரியை அனுப்புங்கள், அண்ணன் ஒட்டிய பிறகு நடு எழுத்துகளையும் சேர்த்து வாசிக்கட்டும். கொப்பி பண்ணியதை இடையில் மாற்றிவிடும் வைரஸும் இருக்கிறது.

நெட்வேர்க்கையும் பேசி முடிவெடுங்கள்: டிஆர்சி20 (ட்ரோனில் ஓடும் யூஎஸ்டிடி) என்றால் இரண்டு பக்கமும் அதுதான். எக்ஸ்ஆர்பி போன்ற வேறு கிரிப்டோக்களை எக்ஸ்சேஞ்சுக்கு (கிரிப்டோ வாங்கி விற்கும் நிறுவனம்) அனுப்பினால், காசு எந்த வாடிக்கையாளருடையது என்று காட்டும் டேக் எண்ணும் வேண்டும். பெரிய தொகை என்றால் முதலில் ஐந்து டொலர் அனுப்பி, வந்ததென்று போனில் சொன்ன பிறகு மிச்சம். இரண்டாவது கட்டணத்துக்காக அழ வேண்டாம்.

இன்னொன்று, இலங்கை மத்திய வங்கி கிரிப்டோவுக்கு எந்த நிறுவனத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று பல தடவை எச்சரித்திருக்கிறது. முறைப்பாடு கொடுத்தாலும் வங்கிக் காசுக்கு இருக்கும் பாதுகாப்பு இதற்குக் கிடைக்காது.

இப்போதைக்கு அண்ணனிடம் ட்ரான்ஸாக்ஷன் ஹாஷ் (அந்தப் பரிமாற்றத்தின் அடையாள எண்) வாங்குங்கள்; ட்ரோனில் அனுப்பியிருந்தால் அதன் பரிமாற்றங்களைக் காட்டும் ட்ரோன்ஸ்கேன் தளத்தில் போட்டுப் பாருங்கள். காசு போன முகவரி ஓர் எக்ஸ்சேஞ்சுடையது என்று அங்கே தெரிந்தால், அந்த எக்ஸ்சேஞ்சின் உதவிப் பிரிவுக்கு ஹாஷோடு எழுதலாம். தனி ஆளின் வாலட் என்றால் எழுத ஆளில்லை.