ஆறு நாளில் ஆறு தீவு எதற்கு?

அன்புள்ள அக்கா,

வணக்கம். நான் லிங்கராஜபுரத்தில் இருக்கிறேன். தாத்தா காலத்திலேயே வாணியம்பாடியிலிருந்து வந்து பெங்களூரிலேயே தங்கிவிட்ட குடும்பம். நாங்கள் ஐந்து பேர், பள்ளிக்கூட நண்பர்கள். இரண்டு வருடமாகப் பேசிப் பேசி வருகிற ஜனவரியில் அந்தமான் போவதென்று இப்போதுதான் முடிவாகியிருக்கிறது. ஆறு நாள், ஆளுக்கு 25,000 ரூபாய். ராஸ், நார்த் பே, ஹேவ்லாக், நீல், பாராடாங், திக்லிபூர் பக்கத்து இரட்டைத் தீவு என்று ஆறு இடம் குறித்து வைத்திருக்கிறோம். ஒரு டிராவல்ஸில் விசாரித்தால் ஆளுக்கு 40,000 என்றார்கள், அதனால் நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். தீவுக்குத் தீவு போக தனியார் கப்பல் வேண்டும் என்று இரண்டு பேர், கவர்மெண்ட் கப்பல் போதும் என்று இரண்டு பேர். கலாசிபாளையத்தில் கேரேஜில் வேலை செய்யும் நண்பன் மட்டும் எதுவும் சொல்வதில்லை. "நீங்க எது போட்டாலும் ஓகேடா, நான் சீட்டைத் தள்ளி எடுத்துக்கறேன்" என்கிறான். நீங்கள் அந்தமான் போய்வந்ததை எழுதியிருந்தீர்கள். ஆறு தீவையும் குறைந்த செலவில் பார்க்க வழி சொல்லுங்கள்.

ச., பெங்களூரு

அன்புள்ள தம்பி,

நீங்கள் கேட்டது கப்பலைப் பற்றி. எனக்கு மனசில் தங்கியது சீட்டைப் பற்றிய அந்த ஒரு வரிதான். அதை முதலில் பேசிவிடுகிறேன்.

அல்சூரில் என் அம்மா இருபது வருடம் சீட்டுக் கட்டியவள், அதனால் தள்ளி எடுப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஐம்பதாயிரம் ரூபாய் சீட்டை அவசரத்துக்கு முன்கூட்டி ஏலம் கேட்டால், பத்தாயிரம் தள்ளினால் நாற்பதுதான் கைக்கு வரும், மிச்ச மாதங்களுக்குத் தவணையும் கட்டியாக வேண்டும். அப்படியென்றால் உங்கள் நால்வருக்கு 25,000 ஆகும் பயணம் அவருக்கு மட்டும் அதைவிடக் கூடுதலாக ஆகிறது. ஐந்து பேரில் மிகக் குறைவாகச் சம்பாதிப்பவர், மிக அதிகமாகக் கொடுக்கப் போகிறார். அவர் "ஓகேடா" என்று சொல்வது சம்மதம் இல்லை தம்பி, உங்களை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் சொல்வது.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் நாங்கள் நான்கு பெண்கள் போனோம். ஹேவ்லாக்கில் ஸ்கூபா, அதாவது காற்றுக் குப்பியோடு கடலுக்கடியில் மூழ்கிப் பார்ப்பது, செய்யலாம் என்று பேச்சு வந்தது, அப்போதே ஆளுக்கு மூவாயிரத்துக்கு மேல் கேட்டார்கள். எங்களில் ஒருத்தி, சிவாஜி நகரில் துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவள், "எனக்குத் தண்ணின்னா பயம், நீங்க போங்க, நான் பையைப் பாத்துக்கறேன்" என்றாள். நாங்களும் சரி என்று போய்விட்டோம். மூன்று பேரும் பவளப் பாறையைப் பார்த்துவிட்டுத் தலை சொட்டச் சொட்டத் திரும்பி வந்தபோது அவள் நான்கு பையையும் வரிசையாக வைத்து அதன் மேல் எங்கள் துண்டுகளை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் நீல் தீவில், பரத்பூர் கடற்கரையில், யாரும் கூப்பிடாமலே தண்ணீரில் இறங்கினாள். கழுத்தளவு போனதும் மல்லாந்து படுத்து, கையைக்கூட அசைக்காமல் மிதந்தாள். தருமபுரிப் பக்கம் கிணற்றில் குதித்து வளர்ந்த பெண், எங்கள் எல்லோரையும்விட நன்றாக நீந்தத் தெரிந்தவள். கரையில் நின்று பார்த்த எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது, யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இன்றைக்கும் அந்தமான் என்றால் எனக்குப் பவளம் ஞாபகம் வருவதற்கு முன்னால் அந்த மடித்த துண்டுகள்தான் வரும்.

அதனால் டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். நான்கு பேரும் சூழ்ந்துகொண்டு கேட்காமல், நீங்கள் மட்டும் ஒரு நாள் அவருடைய கேரேஜ் பக்கம் போய் டீ குடித்துக்கொண்டே கேளுங்கள்: சீட்டைத் தொடாமல், கடன் வாங்காமல், உன்னால் எவ்வளவு போட முடியும்? அவர் 18,000 என்றால் ஐந்து பேருக்கும் 18,000தான் திட்டம். மிச்சத்தை நாங்கள் போட்டுக்கொள்கிறோம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், ஆறு நாளும் அவர் விருந்தாளி மாதிரி கையைக் கட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

சரி, அந்தத் தொகையில் போக முடியுமா? விமான டிக்கெட்டை முன்கூட்டியே போட்டால் முடியும், ஆனால் ஆறு தீவு முடியாது, அது தேவையும் இல்லை. செலவை ஏற்றுவது தூரத்தைவிட நகர்வுதான். ஒவ்வொரு முறை தீவு மாறும்போதும் கப்பல் டிக்கெட், துறைமுகத்துக்கு ஆட்டோ, இறங்கிய இடத்தில் இன்னொரு ஆட்டோ, புது அறை, பாதி நாள் வீண். உங்கள் பட்டியலில் திக்லிபூரை முதலில் அடியுங்கள். கடல் உள்வாங்கும்போது இரண்டு தீவையும் இணைத்து மணல்திட்டு வெளியே தெரியும், அழகான இடம், மறுக்கவில்லை. ஆனால் வடக்குக் கோடியில் இருக்கிறது, போக ஒரு நாள் வர ஒரு நாள் சாலையிலேயே போய்விடும்.

பாராடாங்கும் வேண்டாம் என்பேன், இது பணத்துக்காகச் சொல்வதில்லை. அங்கே போகும் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காட்டுக்குள் போகிறது. வண்டிகளைக் கூட்டமாகச் சேர்த்து, காவலோடு அனுப்புவார்கள், நடுவில் நிறுத்தவோ படம் எடுக்கவோ கூடாது. அந்தச் சாலையை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002லேயே உத்தரவு போட்டது, இன்னும் வண்டிகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. சுண்ணாம்புக் குகை பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டாலும் வண்டியில் இருக்கும் எல்லோருடைய கண்ணும் ஜன்னலுக்கு வெளியே மனுஷர்களைத்தான் தேடும். நான் போகவில்லை, நீங்களும் போக வேண்டாம்.

மிச்சமிருப்பதை நிதானமாகப் பாருங்கள். முதல் இரவு போர்ட் பிளேர், அப்புறம் ஹேவ்லாக்கில் இரண்டு இரவு, நீலில் ஒன்று, கடைசி இரவு மறுபடி போர்ட் பிளேர். பெயர்கள் மாறியிருக்கின்றன, டிக்கெட் போடும்போது குழம்பாதீர்கள்: 2018 டிசம்பரில் ஹேவ்லாக் சுவராஜ் தீவு ஆனது, நீல் சாகித் தீவு ஆனது, ராஸ் தீவுக்கு நேதாஜி பெயர். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. கடைசி இரவை அங்கே வைக்கச் சொல்வது கடலை நம்ப முடியாது என்பதால். வானிலை கெட்டால் கப்பலை ரத்து செய்துவிடுவார்கள், அன்றைக்கே விமானம் என்றால் ஐந்து டிக்கெட்டும் போச்சு. ஜனவரியில் பொங்கல், குடியரசு தினம் ஒட்டிய நாட்களையும் தவிருங்கள், விமானக் கட்டணம் ஏறிவிடும். சென்னையிலிருந்து கப்பலில் போனால் மலிவு என்று யாராவது சொல்வார்கள், உண்மைதான், ஆனால் ஒரு வழிக்கே கிட்டத்தட்ட மூன்று நாள் ஆகும்.

இப்போது உங்கள் சண்டைக்கு வருகிறேன். கவர்மெண்ட் கப்பலுக்கே என் ஓட்டு. தனியார் கப்பலில் ஆயிரத்துக்கு மேல் கொடுத்து, பெரும்பாலும் கண்ணாடி மூடிய ஏசி அறைக்குள் உட்கார்ந்து, சீக்கிரம் போய்ச் சேருவீர்கள். கவர்மெண்ட் கப்பலில் அதைவிடக் குறைந்த காசுக்கு இரண்டு இரண்டரை மணி நேரம், மேல்தளத்தில் நின்றுகொண்டே போகலாம். எங்களுக்குக் கோலா மீன்கள் தெரிந்தன. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பி, சிறகை விரித்து, நாம் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுகிற அளவுக்குப் பறந்து மறுபடி விழும். பக்கத்தில் காய்கறிக் கூடையோடு நின்ற நீல் தீவு அம்மா ஒருவர் எங்களுக்கு வெள்ளரிக்காய் நறுக்கிக் கொடுத்தார். ஒரு சிக்கல்: இந்த டிக்கெட் பயணத்துக்குச் சில நாட்கள் முன்னால்தான் கிடைக்கும், தீவுவாசிகளுக்குத்தான் முதல் உரிமை, அது நியாயமும்கூட. அதனால் ஒருவர் பொறுப்பெடுத்து அந்த நாளில் தயாராக இருக்க வேண்டும். கிடைக்கவே இல்லையென்றால் ஒரு வழி மட்டும் தனியாரில் போங்கள்.

ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரைக்கு, துறைமுகத்திலிருந்தே பஸ் உண்டு. 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதிய இடம், அதற்கு டிக்கெட் கிடையாது, வேறு எதுவும் வாங்காமலே ஒரு முழு மத்தியானம் அங்கே கிடக்கலாம். ஆனால் மத்தியானம் சீக்கிரம் முடிந்துவிடும். அந்தமான் நம் ஊருக்குப் பதினைந்து டிகிரி கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் ஒன்றுதான், அதனால் பெங்களூரைவிட ஒரு மணி நேரம் முன்னால் விடியும், ஜனவரியில் ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விடும். எட்டு மணிக்கு எழுந்தால் நாளில் பாதி போன மாதிரி. ஸ்கூபா செய்வதாக முடிவானால், ஐந்து பேருக்கும் கட்டுப்படி ஆனால் மட்டும் செய்யுங்கள், விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் வேண்டாம், குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும்.

நீல் தீவில் ஆட்டோவே தேவையில்லை, வாடகைச் சைக்கிள் போதும். வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் லட்சுமண்பூர், பரத்பூர், சீதாபூர், ராம்நகர் என்று ராமாயணத்தையே ஊர்களாக வைத்திருக்கிறார்கள். லட்சுமண்பூரில் பவளப்பாறை வளைந்து பாலம் மாதிரி நிற்கும் இடத்துக்குக் கடல் உள்வாங்கும் நேரத்தில்தான் நடந்து போக முடியும். அது தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும், தங்கும் வீட்டில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். காலுக்குப் பிடிப்பான செருப்பு போட்டுக்கொண்டு போங்கள், குழிகளில் சின்ன நண்டும் கடல் அட்டையும் கிடக்கும், தொட வேண்டாம். சிப்பி, பவளத் துண்டு எதையும் பையில் போட்டுக்கொள்ளவும் கூடாது, ஏர்போர்ட்டில் சோதித்து எடுத்துவிடுவார்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. போர்ட் பிளேரில் தமிழ் நன்றாகவே புழங்கும், முருகன் கோவில்கூட உண்டு, வங்காளிகளுக்கும் இந்தி பேசுகிறவர்களுக்கும் அடுத்து நம் ஆட்கள்தான் அங்கே அதிகம். அபர்தீன் பஜாரில் மீன் குழம்போடு சாப்பாடு கிடைக்கும். ரொக்கம் கொஞ்சம் கூடுதலாகக் கொண்டு போங்கள், சின்னத் தீவுகளில் ஏடிஎம்மை நம்ப வேண்டாம்.

அந்த ரொக்கம் பற்றி ஒரு விஷயம். நாங்கள் அடுத்த முறை கோகர்ணா போனபோது, எல்லோரும் சமமாகப் போட்ட பணத்தை ஒரே பையில் வைத்து அந்தத் துணிக்கடைத் தோழியிடம் கொடுத்துவிட்டோம். எங்கே சாப்பிடலாம், எந்த அறை, ஆட்டோவா நடையா என்று அவள்தான் சொன்னாள், சிறு நோட்டில் அன்றாடம் எழுதியும் வைத்தாள். நாலாம் நாள் ராத்திரி நோட்டைக் கூட்டிப் பார்த்து, 640 ரூபாய் மிச்சம் இருக்கிறது, எல்லோருக்கும் பொரித்த மீன் என்று அவளே ஆர்டர் கொடுத்தாள். உங்கள் பையை அந்தக் கேரேஜ் நண்பரிடம் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா