12-வது நகர்த்தலுக்குப் பிறகு என்ன யோசிப்பது?

கேள்வி: ஆன்லைனில் செஸ் ஆடுகிறேன். ரேட்டிங் 1400-ஐ ஒட்டி இருக்கிறது. புதிர்களை நன்றாகவே தீர்ப்பேன். ஓபனிங்கில் 12 நகர்த்தல் வரை தெரியும். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் யானையை அங்கும் இங்கும் நகர்த்திக்கொண்டிருக்கிறேன். திட்டம் போட்டு ஆடக் கற்றுக்கொள்வது எப்படி? என் ஆட்டங்கள் இரண்டை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: இரண்டையும் பலகையில் வைத்துப் பார்த்தேன். முதல் ஆட்டத்தில் 13 முதல் 19 வரை நீங்கள் ஆடிய ஏழு நகர்த்தல்களில் எதையும் தனியாக எடுத்துத் தப்பு என்று சொல்ல முடியாது. யானை சி1-க்கு வந்தது (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை), இ1-க்குப் போனது, திரும்ப சி1-க்கு வந்தது, நடுவில் ஹெச்3-க்கு ஒரு சிப்பாய். எல்லாமே பத்திரமான நகர்த்தல்கள்தான், ஆனால் ஒன்றுக்கும் மற்றதுக்கும் சம்பந்தம் இல்லை. புதிரில் ‘இங்கே ஏதோ இருக்கிறது, தேடு’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். ஆட்டத்தில் அப்படிச் சொல்ல ஆள் கிடையாது. பல நிலைகளில் தேடினாலும் எதுவும் கிடைக்காது. திட்டம் தேவைப்படுவது அந்த இடத்தில்தான்.

திட்டம் என்றால் இருபது நகர்த்தலைத் தாண்டிப் பார்ப்பது என்ற பயத்தை முதலில் விடுங்கள். மூன்று நான்கு நகர்த்தல்கள் ஒரே நோக்கத்தோடு இருந்தால் போதும்.

அந்த நோக்கத்தை எங்கே தேடுவது? சிப்பாய்களில். குதிரையும் பிஷப்பும் இடம் மாறிக்கொண்டே இருக்கும், சிப்பாய் பின்னால் வராது. அதனால் பலகையின் எலும்புக்கூடு அதுதான். உங்கள் முதல் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வெள்ளை. சி4 சிப்பாய் டி5-இல் வெட்ட, கருப்பு இ சிப்பாயால் திரும்ப வெட்டியது. இப்போது உங்களுக்கு ஏ2, பி2, டி4, இ3. கருப்புக்கு ஏ7, பி7, சி6, டி5. கார்ல்ஸ்பாட் அமைப்பு என்று இதற்குப் பெயர். ராணிப் பக்கத்து ஓரத்தில் உங்களிடம் இரண்டு சிப்பாய், எதிராளியிடம் மூன்று. குறைவாக இருக்கும் நீங்கள்தான் அங்கே தாக்க வேண்டும்! கேட்க விநோதமாக இருக்கும், காரணம் எளிது.

யானையை பி1-க்குக் கொண்டுபோய், பி4, ஏ4, பி5 என்று தள்ளுங்கள். பி5 சிப்பாய் சி6-இல் வெட்டி, கருப்பு பி சிப்பாயால் திரும்ப வெட்டினால், சி6-இல் நிற்பதைக் காக்க இன்னொரு சிப்பாய் கிடையாது. சி வரிசையோ உங்கள் யானைக்குத் திறந்திருக்கிறது. மாறாக, கருப்பே பி5-இல் வெட்டினால், பக்கத்து வரிசைகளில் துணைச் சிப்பாய் இல்லாமல் டி5 சிப்பாய் தனித்து நிற்கும். எப்படிப் போனாலும் எதிராளிக்கு ஒரு பலவீனம் மிஞ்சும். சிறுபான்மைத் தாக்குதல் என்று இதைச் சொல்வார்கள். நீங்கள் யானையை அலைய விட்ட அதே ஏழு நகர்த்தலில் இது முடிந்திருக்கும்.

இந்த அமைப்புக்கு இது ஒன்றுதான் வழி என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். 1952-இல் அப்போதைய உலக சாம்பியன் போட்வின்னிக், எஸ்தோனிய ஆட்டக்காரர் கெரஸை எதிர்த்து ஆடியபோது இதே சிப்பாய் அமைப்பில் எஃப்3, இ4 என்று நடுவில் தள்ளி வென்றார். அவருடைய ராஜாப் பக்கத்துக் குதிரை எஃப்3-க்கு வராமல் இ2-இல் இருந்ததால் எஃப் சிப்பாய்க்கு வழி இருந்தது. ஆக, எங்கே தாக்கலாம் என்பதைச் சிப்பாய் காட்டும், அதில் எந்த வழி இன்று கைகூடும் என்பதைக் காய்கள் நிற்கும் இடம் முடிவு செய்யும்.

இரண்டாவது ஆட்டத்தில் நீங்கள் கருப்பு, டி5-இல் தனிச் சிப்பாய் உங்களுடையது. அங்கே கிடைத்த ஒவ்வொரு காயையும் ஒன்றுக்கு ஒன்று வெட்டி மாற்றிக்கொண்டீர்கள். எனக்கு மனம் பதறிய இடம் அதுதான். தனிச் சிப்பாய் இருப்பவருக்கு வேண்டியது திறந்த வரிசைகளும் துடிப்பான காய்களும், கூடவே டி4-க்குத் தள்ளும் வாய்ப்பும். காய்கள் குறையக் குறைய அந்தத் துடிப்பு போய், காக்க வேண்டிய ஒரு சிப்பாய் மட்டும் கையில் நிற்கும். காயை மாற்றும் முன் ‘இதனால் யாருக்கு லாபம்?’ என்று கேட்டிருந்தால் அந்த ஆட்டம் வேறு மாதிரி போயிருக்கும்.

சிப்பாய்கள் எதுவும் சொல்லாத நிலைகளும் உண்டு. அப்போது உங்கள் காய்களிலேயே சும்மா நிற்பது எது என்று பார்த்து, அதற்கு ஒரு நல்ல இடம் தேடுங்கள். சோவியத் ஆட்டக்காரர் மகோகோனோவ் பெயரில் வழங்கும் பழைய விதி இது. இந்த மட்டத்தில் இதைவிடப் பயன் தரும் விதியை நான் பார்த்ததில்லை.

அப்புறம், எதிராளிக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி. உங்கள் இரண்டு ஆட்டங்களிலும் இது விடுபட்டிருக்கிறது. 1974 நீஸ் செஸ் ஒலிம்பியாட்டில், பின்னாளில் உலக சாம்பியனான கார்போவ் வெள்ளையில், மேற்கு ஜெர்மனியின் உன்ஸிக்கரோடு ஆடிய ஆட்டத்தைப் பாருங்கள். ஏ வரிசை திறந்திருக்கிறது, கருப்பு யானைகளை மாற்றிக்கொண்டு மூச்சு விடப் பார்க்கிறது. கார்போவ் 24-வது நகர்த்தலில் பிஷப்பை ஏ7-இல் கொண்டுபோய் வைத்தார். வரிசை அடைபட்டது. மாற்றிக்கொள்ள வழியில்லாமல் கருப்பு காத்திருக்க, அவர் அந்தப் பிஷப்புக்குப் பின்னால் யானைகளைச் சேர்த்தார், பிறகு ராஜாப் பக்கம் திரும்பினார். ஒரு காயையும் வெட்டாத அந்த ஒரே நகர்த்தலில் எதிராளியின் ஆசை முழுவதும் அடங்கிப்போனது.

சரி, பயிற்சிக்கு வருவோம். மூன்று நிமிட ஆட்டங்களைக் கொஞ்ச நாள் குறையுங்கள், அவற்றில் யோசிக்க நேரமே இல்லை. 15 நிமிடமும் நகர்த்தலுக்கு 10 விநாடியும் உள்ள ஆட்டமாவது ஆடுங்கள். எதிராளியின் கடிகாரம் ஓடும்போது அமைப்பு, பலவீனம், சும்மா நிற்கும் காய் என்று பொதுவாக யோசியுங்கள். உங்கள் கடிகாரம் ஓடும்போது கணக்குப் போடுங்கள். எவ்வளவு அழகான திட்டமாக இருந்தாலும், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன் செக், வெட்டு, மிரட்டல் மூன்றையும் பார்த்தே ஆக வேண்டும். சிப்பாய் வெட்டுப்பட்டதும் நிறுத்தி, திட்டத்தைப் புதிதாகப் போடுங்கள். எலும்புக்கூடு மாறிவிட்டதே.

ஆட்டம் முடிந்ததும் உடனே கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். ஓபனிங் முடிந்த இடத்தில் என்ன நினைத்தீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். பிறகு திறந்து ஒப்பிடுங்கள். நிலைக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கும் எண் ஏறியதா இறங்கியதா என்பது இரண்டாம்பட்சம். அது காட்டும் நகர்த்தல் எந்தக் காயை, எதற்காக நகர்த்துகிறது என்று உங்கள் சொல்லில் எழுதிப் பாருங்கள். இதோடு, நீங்கள் ஆடும் ஓபனிங்கில் வரும் ஒரே அமைப்பை எடுத்து, அதில் பெரிய ஆட்டக்காரர்கள் ஆடிய பத்து முழு ஆட்டங்களை, அடுத்த நகர்த்தலை மூடி வைத்து ஊகித்தபடி பாருங்கள். பத்து ஓபனிங் படிப்பதைவிட இது பலன் தரும்.

முதல் வேலையாக உங்கள் முதல் ஆட்டத்தின் 13-வது நகர்த்தலுக்குத் திரும்புங்கள். யானை பி1-க்குப் போனதும் கருப்பு ஏ5 ஆடி பி4-ஐத் தடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏ3 ஆடிவிட்டு பி4 தள்ளலாம், ஆனால் வெட்டுகள் முடிந்ததும் ஏ வரிசை திறந்துவிடும். அதை யார் பிடிப்பார்கள் என்று கம்ப்யூட்டர் இல்லாமல் யோசித்து எழுதி அனுப்புங்கள்.