கோடீஸ்வரர்கள் ஊரில் நமக்கு என்ன வேலை?

கேள்வி: எனக்கு வயது 57. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கணவரும் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஜெர்மனியில் வேலை பார்க்கும் எங்கள் மகள், 30-வது திருமண நாளுக்காக எங்களை பிரான்ஸின் நீஸ் நகரத்துக்கு ஐந்து நாள் அழைத்துப் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். இவரோ, “அது கோடீஸ்வரங்க சூதாடப் போற ஊர். நமக்கு அங்க என்ன வேலை? அந்தக் காசுக்குக் காசிக்குப் போய் வரலாம்” என்கிறார். வீடியோக்களில் உல்லாசப் படகுகளையும் நட்சத்திர ஹோட்டல்களையும் பார்த்தால் எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. போதாததற்கு நாங்கள் சைவம் வேறு. போகலாமா, வேண்டாமா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி.

பதில்:

அன்புள்ள சகோதரி,

தாராளமாகப் போய் வாருங்கள். காசி எங்கும் போய்விடாது, அடுத்த வருஷம் அதற்கும் போகலாம்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தக் கடற்கரைப் பகுதி முழுக்கவே பணம் புழங்கும் இடம்தான். ஆனால் நீங்கள் பார்த்த வீடியோக்களில் பலவும் பக்கத்தில் இருக்கும் மொனாக்கோ என்ற குட்டி நாட்டில் எடுத்தவையாக இருக்கும். நீஸ் அப்படியில்லை. மூன்றரை லட்சம் பேர் வாழும் நகரம் அது. பல்கலைக்கழகம், பெரிய மருத்துவமனைகள், காலையில் ட்ராமில் நெருக்கியடித்துக்கொண்டு வேலைக்குப் போகும் ஜனங்கள் எல்லாம் அங்கே உண்டு. நீங்கள் இறங்கி நடந்தால் உங்களை யாரும் ஏற இறங்கப் பார்க்கப் போவதில்லை.

அந்த ஊரின் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். உங்கள் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

நீஸுக்கு முதலில் வெளியூர்க்காரர்கள் வந்தது கும்மாளம் போட அல்ல. நோயோடு வந்தார்கள். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவரும் நாவலாசிரியருமான டோபியாஸ் ஸ்மாலெட், தன் ஒரே மகளைப் பறிகொடுத்த துக்கத்தோடும் நெஞ்சுக் கோளாறோடும் 1763-ல் மனைவியை அழைத்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். உடம்புக்கு நல்லது என்று கடலில் இறங்கிக் குளித்தார். உள்ளூர்க்காரர்கள் அதை அதிசயமாகப் பார்த்தார்கள். 1766-ல் அவருடைய பயணக் கடிதங்கள் புத்தகமாக வந்தபிறகு, இங்கிலாந்தின் பனிக்கும் புகைக்கும் தப்பி வருகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். அக்டோபர் வாக்கில் வந்தால் ஏப்ரல் வரை இருப்பார்கள். வெயில் ஏறியதும் ஊர் காலியாகிவிடும், விடுதிகளைப் பூட்டிவிடுவார்கள். இன்றைக்கு ஜூலையில் நிற்க இடமில்லாத ஊர், அன்றைக்குக் குளிர்காலத்துக்கு மட்டுமான ஊராக இருந்தது.

வந்தவர்கள் எல்லோரும் குணமாகித் திரும்பவும் இல்லை. ரஷ்யப் பேரரசின் பட்டத்து இளவரசர் நிக்கோலாய், 21 வயதில், 1865-ல் இங்கேதான் இறந்துபோனார். அவர் உயிர் பிரிந்த இடத்தின் அருகில் பின்னாளில் ஒரு பெரிய ரஷ்யத் தேவாலயம் எழுந்தது. 1912-ல் திறந்தார்கள். வெங்காய வடிவக் கோபுரங்களோடு, பனை மரங்களுக்கு நடுவே நிற்கிறது. அவசியம் பாருங்கள். மகனை இழந்த குடும்பத்தின் துயரத்திலிருந்து எழுந்த கட்டடம் என்று தெரிந்து பார்க்கும்போது, அந்த அலங்காரமெல்லாம் வேறு மாதிரி தெரியும். காசநோயோடு போராடிய ரஷ்ய எழுத்தாளர் செகாவும் இங்கே குளிர்காலங்களைக் கழித்திருக்கிறார்.

இனி, நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தது. நீஸின் படம் என்று எதை எடுத்தாலும் அதில் நீளமான கடற்கரைச் சாலை ஒன்று வளைந்து போகும். ஒரு பக்கம் நீலக் கடல், மறுபக்கம் வரிசையாக ஹோட்டல்கள். ஏழு கிலோமீட்டர் நீளம். பெயரே ‘ஆங்கிலேயர் நடைபாதை’தான். அதை மாளிகைக்காரர்கள் தங்கள் சொகுசுக்காகப் போட்டுக்கொண்டார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அது ஒரு நிவாரணப் பணியாகத்தான் தொடங்கியது. 1820-21 குளிர்காலத்தில் கடும் குளிர் தாக்கி ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போயின. பிழைப்பு போன ஜனங்கள் பிச்சை கேட்டு நகரத்துக்குள் வந்துவிட்டார்கள். அங்கே தங்கியிருந்த லூயிஸ் வே என்ற ஆங்கிலேயப் பாதிரியார், வசதியான குளிர்கால விருந்தாளிகளிடம் பணம் திரட்டி, அந்த ஏழைகளைக் கூலிக்கு அமர்த்தி, கடலோரமாக ஒரு பாதை போட வைத்தார். இரண்டு மீட்டர் அகலம்தான் இருக்கும். பின்னால் வந்தவர்கள் அதை அகலப்படுத்தி நீட்டிக்கொண்டே போனார்கள். உலகப் பணக்காரர்களெல்லாம் உலா வந்த சாலைக்கு முதல் கல்லைப் போட்டது, அந்த வருஷம் சோற்றுக்கு வழியில்லாமல் நின்ற கைகள். நமக்கு அங்கே என்ன வேலை என்று உங்கள் கணவர் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

1860-ல் நீஸ் பிரான்ஸோடு சேர்ந்தது. 1864-ல் ரயில் வந்தது. அதன்பிறகுதான் அரசர்களும் பிரபுக்களும் பட்டாளமாக வந்து இறங்கினார்கள். விக்டோரியா மகாராணி சிமியே என்ற குன்றுப் பகுதிக்கு வசந்தகாலம்தோறும் வர ஆரம்பித்ததும், அவர் பரிவாரத்தோடு தங்குவதற்கென்றே அங்கே ரெஜினா என்ற மாபெரும் ஹோட்டல் 1897-ல் எழுந்தது. கடற்கரைச் சாலையில் இளஞ்சிவப்புக் குவிமாடத்தோடு நிற்கிற நெக்ரெஸ்கோ ஹோட்டல் 1913-ல் வந்தது. அதைக் கட்டிய ஹென்ரி நெக்ரெஸ்கோ, ருமேனியாவிலிருந்து பிழைக்க வந்தவர். திறந்த அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. ஹோட்டல் ராணுவ மருத்துவமனையாக மாறியது, அவர் நொடித்துப்போனார். 1920-ல் பாரிஸில் இறந்தபோது கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தக் குவிமாடத்தை அண்ணாந்து பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த மனிதரின் கதை தெரியும் என்று எனக்கு வருத்தமாக இருக்கும்.

1936-ல் பிரான்ஸில் எல்லாத் தொழிலாளர்களுக்கும் சம்பளத்தோடு இரண்டு வார விடுப்பு என்று சட்டம் வந்தது. ரயில் கட்டணத்தையும் குறைத்தார்கள். ஆலைத் தொழிலாளிகளும் கடைச் சிப்பந்திகளும் குடும்பத்தோடு கடலைப் பார்க்கக் கிளம்பினார்கள். கோடைக்காலம் அந்தக் கடற்கரைக்குப் பெரிய சீசன் ஆனதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. 1986-ல் வந்த கடற்கரைச் சட்டமும் கடற்கரை எல்லோருக்கும் பொது என்பதை உறுதியாகச் சொல்கிறது. சாய்வு நாற்காலிக்கும் குடைக்கும் காசு வாங்கும் தனியார் இடங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இடையிடையே பொதுக் கடற்கரை உண்டு, துண்டை விரித்து உட்கார்ந்தால் யாரும் எழுந்திருக்கச் சொல்ல முடியாது. மேலே நடைபாதையில் நீல நாற்காலிகள் போட்டிருப்பார்கள். அதில் உட்கார ஒரு காலத்தில் காசு, இப்போது இலவசம். மாலையில் அந்த ஊர்ப் பெரியவர்கள் அங்கே வந்து கடலைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவார்கள். நீங்களும் உட்காருங்கள். அதே சாலையில்தான் 2016 ஜூலை 14 இரவு ஒருவன் லாரியை ஏற்றி 86 பேரைக் கொன்றான் என்பதையும் மறக்கக்கூடாது. அந்த ஊர் ஜனங்கள் திரும்பவும் அதே இடத்துக்கு வந்து உட்கார்கிறார்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். பழைய நகரத்தின் சந்துகளில் சோக்கா என்று ஒன்று விற்பார்கள். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். இரண்டு கையால் தூக்க வேண்டிய பெரிய வட்டத் தட்டில் மாவை ஊற்றி விறகு அடுப்புக்குள் தள்ளுவார்கள். ஓரம் கருகி, நடு மெத்தென்று, மெல்லிய அடை மாதிரி வரும். கத்தியால் தாறுமாறாகக் கீறி எடுத்து, மிளகுத்தூள் தூவிச் சுடச்சுடத் தருவார்கள். கையாலேயே சாப்பிடலாம். அரண்மனைச் சமையல் இல்லை, உழைப்பாளிகளின் காலைப் பலகாரம். கத்தரிக்காய், சீமைச் சுரைக்காய், தக்காளி எல்லாம் போட்டு வதக்கும் ரத்தத்தூயும் இந்த ஊர்ப் பக்கத்துச் சமையல்தான், அதையும் கேட்டு வாங்குங்கள். ஆனால் ஒன்று: பிஸ்ஸலாடியேர் என்ற வெங்காய ரொட்டியைப் பார்த்தால் சைவம் போலவே இருக்கும், நெத்திலி சேர்த்திருப்பார்கள். நீஸ் சாலட்டிலும் மீன் உண்டு. மகளிடம் சொல்லி எதையும் ஒருமுறை கேட்டுவிட்டு வாங்குங்கள். கூர் சலேயா சந்தையில் பழமும் ஆலிவும் பூக்களும் குவிந்திருக்கும். திங்கட்கிழமை போகாதீர்கள், அன்று பழம்பொருள் சந்தை.

கோட்டைக் குன்றுக்கு ஏறுங்கள். 1706-ல் பதினான்காம் லூயி மன்னர் இடிக்கச் சொன்ன கோட்டையின் மிச்சமும் ஒரு பூங்காவும் இருக்கின்றன. கட்டணம் இல்லை. முழங்கால் வலி என்றால் லிஃப்ட் இருக்கிறது. மதியம் சரியாக 12 மணிக்கு அங்கே வெடிச் சத்தம் கேட்கும், பயந்துவிடாதீர்கள். 1860-களில் தங்கியிருந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர், ஊர் வம்பில் நேரம் மறந்துவிடும் மனைவியைச் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வரவழைக்க ஆரம்பித்து வைத்த பீரங்கி வழக்கம் என்று சொல்வார்கள். ஓவியர் மத்தீஸின் அருங்காட்சியகம் சிமியேயில், ஆலிவ் தோப்புக்குள் இருக்கிறது. அவர் 1917 டிசம்பரில் வந்தபோது விடாமல் மழை. கிளம்பிவிடலாம் என்று முடிவெடுத்த பிறகு வானம் வெளுத்தது. அந்த வெளிச்சத்துக்காகத் தங்கியவர், 1954-ல் இறக்கும் வரை இந்த ஊரையும் இதன் சுற்றுவட்டாரத்தையும் விட்டுப் பெரிதாகப் பிரியவில்லை.

எப்போது போவது? ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். கூட்டமும் வெயிலும் வாடகையும் சேர்ந்து வதைக்கும். மே மாதம் பக்கத்தில் கான் திரைப்பட விழாவும், ஜூன் தொடக்கத்தில் மொனாக்கோ கார் பந்தயமும் நடப்பதால் அப்போது அறை விலை ஏறிவிடும். செப்டம்பர் பின்பாதி நல்ல காலம், கடல் தண்ணீர் இன்னும் இதமாக இருக்கும். திருவிழா பார்க்க ஆசை என்றால் பிப்ரவரியில் கார்னிவல், பூந்தேர்களில் இருந்து பூக்களை வாரி இறைப்பார்கள்.

கடலைப் பார்த்த அறைதான் வேண்டும் என்று மகள் அடம் பிடித்தால் சம்மதிக்காதீர்கள். ரயில் நிலையத்துக்கும் பழைய நகரத்துக்கும் நடுவில், ட்ராம் போகிற தெருவுக்குப் பக்கமாக, சமையலறையோடு கூடிய சிறிய வாடகை வீடு எடுக்கச் சொல்லுங்கள். காலையில் இட்லிப் பொடியோ ரசமோ உங்கள் கையால் ஆகட்டும். விமான நிலையத்திலிருந்தே ட்ராம் உண்டு, டாக்ஸிக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டாம். மொனாக்கோவை உங்கள் கணவர் பார்க்கத்தான் வேண்டும், பார்த்தால்தான் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் தெரியும். உள்ளூர் ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது, வழியெல்லாம் ஜன்னலில் கடல். ஜெர்மனிக்கு எடுக்கும் ஷெங்கன் விசாவே பிரான்ஸுக்கும் செல்லும். அதிக நாள் மகள் வீட்டில்தான் இருப்பீர்கள் என்பதால் ஜெர்மனி வழியாகவே விண்ணப்பியுங்கள்.

கடற்கரையில் மணல் கிடையாது, முழுக்கக் கூழாங்கல். வெறுங்காலோடு நடந்தால் பாதம் நொந்துவிடும். தண்ணீரில் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி ரப்பர் செருப்பு இரண்டு ஜோடியை இங்கிருந்தே வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.