ஆய்வுக்கு எலைசா கிட் வாங்கும்போது சாண்ட்விச்சா, காம்பெட்டிட்டிவா?

எலைசா என்றால் சாம்பிளில் ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதை ஆன்டிபாடியையும் நிறத்தையும் வைத்து அளக்கும் சோதனை. அதன் இந்த இரண்டு வகைகளில் எது அதிக சென்சிட்டிவ் என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக முதல் வருட ஆய்வு மாணவர். கையில் கொட்டேஷன் வந்திருக்கும், கைடும் கையெழுத்துப் போடத் தயாராக இருப்பார். ஒரு நாள் பொறுங்கள்.

சாண்ட்விச்சா இல்லையா என்பதை உங்கள் மூலக்கூறே முடிவு செய்துவிடும். ஒரே மூலக்கூறை இரண்டு ஆன்டிபாடிகள் ஒரே நேரத்தில் பிடிப்பதுதான் சாண்ட்விச். சைட்டோகைன் மாதிரி பெரிய புரதத்தில் அதற்கு இடமுண்டு. வெறும் 362 டால்டன் எடையுள்ள கார்டிசால் ஹார்மோனில் ஏது இடம்? பெரும்பாலும் காம்பெட்டிட்டிவ்தான்: நிறம் தரும் நொதி ஒட்டிய கிட் கார்டிசாலும் சாம்பிளில் உள்ள கார்டிசாலும் ஒரே ஆன்டிபாடிக்குப் போட்டி போடும்.

இது தெரிந்தும் கோட்டை விட்டவன் நான். எலிகளில் மன அழுத்த ஆய்வு. ஸ்ட்ரெஸ் என்றால் கார்டிசால் என்று மனப்பாடம், அந்தக் கிட்டையே வாங்கினேன். நிறம் தரும் டி.எம்.பி. கரைசலை விட்டதும் பிளேட்டில் சாம்பிள் இருந்த வெல் (குழி) எல்லாம் நீலம், ஸ்டாப் சொல்யூஷன் விட்டதும் பளிச்சென்று மஞ்சள். ஹார்மோன் கொட்டிக் கிடக்கிறது என்று பிளேட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டேன். பக்கத்து லேப் அக்கா கேட்டார்: "தம்பி, இது காம்பெட்டிட்டிவ்தானே? நிறம் ஏறினா உள்ள சரக்கு இல்லன்னு அர்த்தம்."

ஹார்மோனே இல்லாத பூஜ்ய ஸ்டாண்டர்டும் என் சாம்பிள்களும் ஏறக்குறைய ஒரே ஓ.டி. (நிற அடர்த்தி). எலியின் அட்ரினலில் பிரதானமாகச் சுரப்பது கார்டிகோஸ்டிரோன் என்பது அப்புறம்தான் உறைத்தது. என் கிட் அதைக் கண்டுகொள்ளாது என்று கூடவே வந்த தாளில், கிட்டின் ஆன்டிபாடி வேறு எதையெல்லாம் பிடிக்கும் என்று சொல்லும் கிராஸ் ரியாக்டிவிட்டி அட்டவணையில், போட்டிருந்தது. தாளை யார் பிரித்தது? எலி ரத்தத்திலிருந்து பிரித்து வைத்த சீரமும் தீர்ந்துபோயிருந்தது.

மூலக்கூறுகளைப் பிரித்து எடை பார்த்து அளக்கும் எல்.சி.எம்.எஸ். கருவி இருக்க எலைசா எதற்கு என்று வருபவர்களுக்கு: இருப்பவர்கள் செய்யுங்கள், எங்கள் துறையில் இல்லை.

இன்னொன்று, 96 வெல் என்றால் 96 சாம்பிள் இல்லை. எட்டு ஸ்டாண்டர்டு இரட்டையாகப் போட்டால் 16 போய்விடும். மிச்சம் 80-ல் சாம்பிளையும் இரட்டையாகப் போட்டால் 40 சாம்பிள்தான். அதிலும் இரண்டு மூன்றில் தெரிந்த அளவு ஹார்மோனைச் சேர்த்துப் பாருங்கள். சேர்த்ததில் 80 முதல் 120 சதவீதம் திரும்பக் கிடைக்காவிட்டால் சீரமே குறுக்கே நிற்கிறது என்று பொருள்.

சரியான கிட்டை மறுபடி வாங்கிய கதை தனி. மறுபடி மூன்று கொட்டேஷன், அதில் விலை குறைந்தவருக்குத்தான் ஆர்டர், ஃபைல் ஐந்து மேசை. கடைசியில் பார்சல் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து, செக்யூரிட்டி அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது. திங்கட்கிழமை நான் திறந்தபோது ஐஸ் ஜெல் பேக் வெதுவெதுப்பாக இருந்தது.